நாலாவது சாட்சி

போன வாரம், சிறுவயதில் ஒன்றாகப் படித்த நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆசந்தியில், மரப் பாடையில், கிடத்துகிற ஆண்டவர் சுரூபத்தின் பாதங்கள். இந்த வருடம் புதிதாக வர்ணம் அடிக்கப் போகிறார்களாம், அதற்கு முன்னால் எடுத்த படமாம். வலது பெருவிரலுக்கு மேலே வர்ணம் சுருங்கிக் கிடக்கிறது. ஆணிக்காயத்தின் சிவப்பு விரல் பக்கம் கொஞ்சம் இழுபட்டு நிற்கிறது. கீழே, "ஞாபகம் இருக்கா?" என்று போட்டிருந்தீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் இல்லாமல் என்ன. ஒருநாள் முழுக்க ஆளாளுக்கு எழுதினீர்கள். அவள் கூந்தலை அவிழ்த்துப் பாதத்தைத் துடைத்தாள் என்று ஒருத்தி. இல்லை, குப்பியைத் தரையில் போட்டு உடைத்தாள் என்று ஒருத்தன். புருஷன் கொழும்பில் இன்னொருத்தியோடு இருந்ததால் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னொருத்தன். துபாயில் மகன் வீட்டில் இருக்கிறவள் கடைசியாக எழுதினாள்: அந்த அத்தர்க்காரனோடு அவளுக்குப் பழக்கம், அவன் சும்மா கொடுத்த குப்பிதான் அது என்று. பக்கத்தில் சிரிக்கிற பொம்மை இரண்டு.

நீங்கள் பேசியது என் அத்தையைப் பற்றி. என் அப்பாவின் தங்கை. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பது உங்களில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும். நான் எதுவும் எழுதவில்லை. அன்றும் பேச வேண்டிய இடத்தில் நான் பேசவில்லை, பேசக்கூடாத இடத்தில் பேசினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

முதல் நற்கருணைக்குத் தயார் செய்கிற புதுநன்மை வகுப்பு எங்கே நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. சப்பரக் கொட்டகையில், தேர் வடங்களுக்கும் உடைந்த மெழுகுவத்தித் தண்டுகளுக்கும் நடுவே மணலில் உட்கார்ந்தோம். கருவாட்டு வாடையும் பழைய மெழுகு வாடையும் கலந்து அடிக்கும். உபதேசியார் ஒரு கையில் ஈர்க்குச்சிக் கட்டும் இன்னொரு கையில் சுருட்டிய அட்டையுமாக வருவார். நின்றுகொண்டு ஒப்பிக்க வேண்டும். தப்பினால் முழங்காலுக்குப் பின்னால் ஈர்க்குச்சி விழும். நம்மில் யாருக்கும் அந்த இடத்தில் அடி விழாமல் இருந்ததில்லை, என்னைத் தவிர.

அந்தத் தவக்காலம் முழுக்க அவர் ஒரே ஒரு சங்கதியைத்தான் நடத்தினார். ஆண்டவர் பந்தியில் இருக்கும்போது ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தைக் கொண்டுவந்து அவர் மேல் ஊற்றுகிறாள். சுவிசேஷக்காரர்கள் நாலு பேரும் இப்படி ஒன்றை எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஒருவர் எழுதியது மற்றவரோடு ஒத்துவராது. இரண்டு பேர் தலையில் ஊற்றினாள் என்கிறார்கள். இரண்டு பேர் காலில் என்கிறார்கள். ஒருவர் அவள் பாவி என்கிறார், ஒருவர் லாசரின் சகோதரி என்கிறார், மற்ற இருவருக்கும் அவள் யாரென்றே தெரியவில்லை. வீடு தொழுநோயாளியின் வீடா பரிசேயன் வீடா, பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்னாலா இரண்டு நாள் முன்னாலா, எல்லாவற்றிலும் குளறுபடி.

உபதேசியாருக்கு அது குளறுபடியே இல்லை. அட்டையில் நாலு பத்தி கோடு போட்டு, கலர் பென்சிலால் எழுதி, நாலையும் ஒன்றாகப் பொருத்தி வைத்திருந்தார். தலையில் ஊற்றினது வழிந்து காலுக்கு வந்தது. தொழுநோய் தீர்ந்தவன்தான் பரிசேயன். பாவியாக இருந்தபோது அழுதுகொண்டு ஒருமுறை வந்தவள், பிறகு நன்றியோடு இன்னொருமுறை வந்தாள். ஆறு நாள் முன்னால் ஊருக்கு வந்தார், இரண்டு நாள் முன்னால் விருந்து. அட்டையைத் தூக்கிப் பிடித்து அவர் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஏளா, கேளுங்க. நாலு பேரும் அச்சடிச்சாப்புல ஒண்ணையே சொன்னா, பேசி வச்சிக்கிட்டுச் சொல்லுதானுவன்னு அர்த்தம். ஆளுக்கொண்ணு சொன்னாத்தான் அவனவன் கண்ணால கண்டதச் சொல்லுதான்னு அர்த்தம். சேத்துப் பாக்கிறதுக்குத்தான் ஆண்டவர் நமக்கு மூளையக் குடுத்திருக்காரு."

நாலு பத்தியையும் தட்டாமல் ஒப்பிக்கிற பிள்ளை நான் ஒருத்திதான். சாமியார் வந்தால் என்னைத்தான் எழுப்பி நிறுத்துவார். உங்களுக்கெல்லாம் என்மேல் எரிச்சல் இருந்தது நியாயம்தான். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்த உபதேசியார்தான் ஊர்க் கமிட்டிக்கும் எழுத்துவேலை பார்த்தார். எங்கள் வீட்டுக் கதை அங்கே தொடங்குகிறது.

அத்தையின் புருஷன், என் மாமா, சங்கு குளிக்கிறவர். அந்தத் தவக்காலத்துக்கு முந்தின வருடம், கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒருநாள் சம்மாட்டியின் வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர், கமிட்டித் தலைவரும் அவரே, ஆசந்தியைப் பர்மா தேக்கில் செய்து கோயிலுக்குக் கொடுத்தவரும் அவரே. வள்ளம் சங்குக்குப் போகவில்லை. அரசாங்கம் மூடி வைத்திருந்த முத்துப் பாருக்கு, கடலடியில் சிப்பி விளைகிற இடத்துக்கு, திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்கப் போனது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை.

கூடப் போன மூன்று பேர் திரும்பி வந்தார்கள். கமிட்டி மூவரையும் தனித்தனியாக விசாரித்தது. கயிறு பிடித்தவர், மூன்றாம் முறை முங்கி ஏறும்போதே மூக்கிலும் காதிலும் ரத்தம், காலையிலிருந்து வள்ளத்தின் அடியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான் என்றார். சுக்கான் பிடித்தவர், மத்தியானம் கொழும்புக்குப் போகிற தோணி ஒன்று பக்கத்தில் வந்தது, அதில் அவன் தானாகவே கையைப் பிடித்து ஏறினான் என்றார். சின்னக் குளியாள், கல்யாணமாகாத பையன், பொழுது சாயும்போது அந்தத் தோணியிலிருந்து பாய்த்துணியில் சுற்றி எதையோ கடலில் விட்டதைத் தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொல்லி அழுதான்.

காலை, மத்தியானம், சாயங்காலம். எண்ணிப் பார்க்க மூன்று விரல் போதும். நாலு சுவிசேஷத்தைத் தலையிலிருந்து கால்வரை வழியவிட்டுப் பொருத்தியவருக்கு இதைப் பொருத்தத் தெரியவில்லை. அத்தை மாமாவுக்குச் சாவுப் பூசை வைக்கக் கேட்டு நின்றபோது உபதேசியார் புத்தகத்தைத் திறந்து படித்தார். ஒருத்தன் செத்தாப்புலக் கிடந்தாங்கான், ஒருத்தன் ஏறிப் போனாங்கான், ஒருத்தன் கடல்ல விட்டாங்கான், மூணு பேரும் மூணு விதமாச் சொன்னா அதுல ஒண்ணும் நெசமில்ல என்றார். சம்மாட்டி தலையை ஆட்டினார். மாமா கடலில் செத்தார் என்று எழுதினால், எந்தக் கடலில், எதற்குப் போய் என்று அடுத்த கேள்வி வரும். கொழும்புக்குப் போய்விட்டார் என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது. அப்படியே எழுதினார்கள். பங்குசாமியார் வயதானவர், கமிட்டி எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவுப் பூசை வைப்பது பாவம் என்று அத்தையிடம் சொன்னார்.

ஆக அத்தை விதவை இல்லை. துக்கச் சேலை கட்டக் கூடாது. காதில் கிடந்த முத்துக் கம்மலைக் கழற்றக் கூடாது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு குருசு நடக்கூடாது. எங்கள் வீட்டின் பின்னறையில், கல்யாணச் சேலைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு இருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், கொழும்பிலிருந்து கடுதாசி வந்ததா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நாம் என்ன செய்தோம்? தெருமுனையில் நின்றுகொண்டு, மாமா கொழும்பு பிஸ்கட்டு அனுப்பினாரா அத்தை என்று கத்துவோம். நம்மில் கத்தாதவர் யார் என்று சொல்லுங்கள். நான் உங்களுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அவள் ஒருமுறை திரும்பி, கூட்டத்தில் என்னைப் பார்த்தாள். அன்று ராத்திரியும் எனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

அந்தக் கம்மலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கம் கடைசியாக நடத்திய முத்துக்குளிப்பில் மாமாவின் பங்காக வந்த சிப்பிகளில் கிடைத்த இரண்டு முத்துகள். பெரிதும் இல்லை, சுத்த வெள்ளையும் இல்லை. பால்பல் நிறம். ஒன்றின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தை நகத்தால் தடவிக்கொண்டிருப்பேன். தொடும்போது முதலில் குளிரும், அப்புறம் அவள் காதின் சூடு வரும். அத்தைக்குப் பிள்ளை இல்லை. "புதுநன்மைக்கு இது ஒனக்குத்தாம்ளா" என்று மாமா இருக்கும்போதே சொல்லியிருந்தாள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உங்களிடமும்தான். யாரும் நம்பவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம், அம்மா சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், காயல்பட்டினத்து அத்தர்க்காரர் வந்தார். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி. வருடத்தில் இரண்டு மூன்று முறை எங்கள் தெருவுக்கு வருவார், ஜவ்வாதும் ஊதுவத்தியும் விற்பார். அத்தை அவரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். ஒளிந்திருக்கவில்லை, நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தேன்.

உங்க ஆட்கள்ல மய்யித்துக்கு, செத்த ஒடம்புக்கு, என்ன பூசுவீங்க அண்ணாச்சி என்று அத்தை கேட்டாள். கற்பூரமும் அத்தரும் என்றார். யாருக்கும்மா என்று கேட்டார். அத்தை சொன்ன பதிலை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

"எங்க வீட்டு ஆளுக்கு ஒடம்பு கெடைக்கல, அண்ணாச்சி. குளிப்பாட்டல, ஒண்ணும் பூசல. வார வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கோயில்ல ஒரு ஒடம்பு கெடக்கும். அதுக்குப் பூசிக்கிடுதேன்."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பெட்டியின் மேல் தட்டை எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து துணி சுற்றிய ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். சந்தன அத்தர். மூடியைத் திருகினதும் கதவுக்குப் பின்னால் எனக்கு நெல்லிக்காயின் துவர்ப்பே போய்விட்டது. அத்தை இரண்டு கையையும் தூக்கி, கம்மலைக் கழற்றி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். இவ்வளவு வேண்டாம்மா, ஒன்று போதும் என்று அவர் ஒன்றைத் திருப்பி நீட்டினார். "ஒத்தையா வச்சி நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்துவிட்டாள்.

என் கம்மல். அப்போது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. செத்துப்போன ஒருவருக்காக, மரத்தில் செய்த ஒரு சுரூபத்தின் காலில் ஊற்ற, என் கம்மலைக் கொடுத்துவிட்டாள். உயிரோடு முன்னால் நிற்கிற எனக்குக் கொடுத்திருக்கலாம். உபதேசியாரின் அட்டையில் நாலு பத்தியிலும் எல்லாம் மாறும், ஒன்று மட்டும் மாறாது. அவள் தைலத்தை ஊற்றும்போது பக்கத்தில் இருக்கிற ஒருவன் முகம் சுளிப்பான். ஒரு பத்தியில் சீஷர்கள், ஒன்றில் சிலர், ஒன்றில் பரிசேயன், ஒன்றில் யூதாஸ். நான் அதையும் தட்டாமல் ஒப்பித்தவள். எனக்கு அதில் என் முகம் தெரியவில்லை.

பெரிய வெள்ளி சாயங்காலம், சுரூபத்தின் காலை முத்தமிடுகிற பாத முத்தி வரிசை. அந்த வருடம் சுரூபத்துக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள், அதற்கும் சம்மாட்டிதான் உபயம். கடற்காற்று ஈரத்தில் அது சரியாகக் காயவில்லை என்பது வர்ணக்காரருக்கு மட்டும் தெரியும். ஆண்கள் முடிந்து பெண்கள் வரிசை. அத்தை எனக்கு நாலு பேருக்கு முன்னால் நின்றாள். வெறும் காதைப் பார்த்துப் பெண்கள் கிசுகிசுத்தார்கள். அவள் குனிந்தாள், இடுப்பிலிருந்து குப்பியை எடுத்தாள், இரண்டு பாதத்திலும் ஊற்றினாள். ஒரேயடியாக இல்லை. கொஞ்சம் ஊற்றி, உள்ளங்கையால் கணுக்காலிலிருந்து விரல் நுனிவரை இழுத்து, மறுபடியும் கொஞ்சம். விரல் இடுக்கிலெல்லாம் பூசினாள். குளிப்பாட்டுகிற கை அது. பிறகு முந்தானையால் ஒற்றினாள். கூந்தலை அவிழ்க்கவில்லை. குப்பியை உடைக்கவில்லை. காலிக் குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு, முத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அழவும் இல்லை.

கோயில் முழுக்கச் சந்தனம். மெழுகு வாடை, வேர்வை வாடை எல்லாம் அமுங்கிப்போயிற்று. அத்தைக்குப் பின்னால் நின்றவள் குனிந்து முத்தி செய்து நிமிர்ந்தபோது உதட்டில் சிவப்பு. அவளுக்கு அடுத்தவளுக்கும் சிவப்பு. எண்ணெய் பட்ட வர்ணம் இளகி வந்துவிட்டது. ரத்தம் என்று யாரோ அலறினார்கள், ஒரு நிமிஷம் பாதிக் கோயில் முழங்காலில் விழுந்தது. அதற்குள் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை விரலால் தொட்டுப் பார்த்து, வர்ணம் என்று சொல்லிவிட்டார். முழங்காலில் விழுந்தவர்களுக்கு வெட்கம். வெட்கப்பட்ட ஜனத்தைப் போலக் கொடியது ஒன்றும் கிடையாது என்று அன்றுதான் பார்த்தேன். அத்தையின் தலைமுடியைப் பிடித்து வாசல்வரை இழுத்தவர்களில் இரண்டு பேர் நம் அம்மாமார். யார் யாருடைய அம்மா என்று எழுதவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை, கோயில் வளவுப் பூவரச மரத்தடியில் கமிட்டி கூடியது. அப்பாவை உட்காரச் சொல்லவில்லை. அவர் சம்மாட்டியின் சரக்குக் கிட்டங்கியில் எடை போடுகிறவர், நின்றுகொண்டே இருந்தார். சுரூபத்தைக் கெடுத்தது ஒன்று. கம்மலைக் கழற்றித் தன்னைத் தானே விதவை ஆக்கிக்கொண்டது இன்னொன்று. இவ்வளவு விலையுள்ள அத்தர் எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். கம்மலைக் கொடுத்து வாங்கினேன் என்றாள். யார் பார்த்தது என்று சம்மாட்டி கேட்டார். அத்தை கூட்டத்தில் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த திக்கில் எல்லாரும் பார்த்தார்கள்.

உபதேசியார் என்னை முன்னால் கூப்பிட்டு, தலையில் கை வைத்து, கமிட்டியிடம் சொன்னார்: "நாலு சுவிசேஷத்தையும் தட்டாம ஒப்பிக்கிற பிள்ள இது. பொய் சொல்லாது. சொல்லுளா, அத்தர்க்காரருக்கு அத்த கம்மலக் குடுத்தத நீ பாத்தியா?"

"இல்ல" என்றேன். "அவரு சும்மாத்தான் குடுத்தாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே இன்னொரு வரி சேர்த்தேன். "சிரிச்சிக்கிட்டே குடுத்தாரு" என்றேன்.

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. கோபச் சத்தம் இல்லை, எதிர்பார்த்தது கிடைத்த சத்தம். உபதேசியார் எழுதினார். மூன்று பேர் அழுது சொன்னதை நம்பாத புத்தகத்தில், நான் சொன்னது ஒரே மூச்சில் ஏறியது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உள்ளூர நிம்மதி என்றுதான் நினைக்கிறேன், அத்தைக்குச் சோறு போடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

தண்டனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈஸ்டர் தொடங்கி மூன்று ஞாயிறு, பூசை முடியும்வரை கோயில் வாசலில் முழங்காலில், இரண்டு கையையும் விரித்து, ஒரு கையில் மரக் குருசு. இந்தக் கடற்கரையில் அந்த வழக்கம் எப்போதோ போய்விட்டது என்று இப்போது பெருமையாகச் சொல்கிறோம். நம் கண்முன்னால்தான் போனது. முதல் ஞாயிறு உங்களில் ஒருத்தன் அவள் விரித்த கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தான், கொழும்பு பிஸ்கட்டு என்று சொல்லி. சிரிக்காத பெரியவர் ஒருவரும் இல்லை. அவள் கையை மடக்கவில்லை. பிஸ்கட்டை எறும்பு மொய்த்து, எறும்பு அவள் முழங்கைவரை ஏறியது.

முதல் ஞாயிறுக்கும் இரண்டாம் ஞாயிறுக்கும் நடுவில் ஒருநாள் அத்தர்க்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலைக்கும், அம்மாவும் அத்தையும் தண்ணீருக்கும் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். ஊரில் நடந்தது அவருக்கு எட்டியதா என்று தெரியாது. சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காகிதப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். அந்த அத்தருக்கு ஒரு முத்தே அதிகம், ரெண்டையும் வச்சிக்கிட்டா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது, அத்தை கையில் இதைக் கொடு என்றார்.

பொட்டலத்தில் ஒரு கம்மல். அடியில் பள்ளம் இருந்தது. அதை நகத்தால் தடவிப் பார்த்தேன்.

இதைக் கொண்டுபோய்ப் பூவரச மரத்தடியில் காட்டினால் போதும். அத்தை சொன்னது நிஜம், நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பத்து வயதுக்கு அது நன்றாகவே தெரிந்தது. சின்னப் பிள்ளை, விவரம் தெரியாது என்று எனக்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அடுத்த ஞாயிறு எனக்குப் புதுநன்மை. பொய்க்காரிக்குப் புதுநன்மை கிடையாது. கம்மலை என் லேஞ்சியில், கைக்குட்டையில், முடிந்து, அரிசிப் பானையின் அடியில் புதைத்தேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், பொய் சொன்னேன், மூன்று முறை என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இரண்டாம் ஞாயிறு வெள்ளைக் கவுனும் தலையில் முக்காடும் பூமுடியுமாக வரிசையில் வந்தோம். வாசலில் அவள் முழங்காலில் இருந்தாள். வழி குறுகல், என் கவுனின் விளிம்பு அவள் கையில் உரசியது. என் காதில் அம்மா வாங்கிப் போட்ட பித்தளை வளையம். நான் கீழே பார்க்கவில்லை. அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை, எச்சிலைக் கூட்டிக் கூட்டி விழுங்கினேன்.

மூன்றாம் ஞாயிறு முடிந்த மறுநாள் அப்பா அவளை பஸ்ஸில் ஏற்றி விளாத்திகுளம் பக்கம் ஒரு பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலைக்கு விட்டுவிட்டு வந்தார். கடல் வாடையே எட்டாத கரிசல் காடு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம், சாவு எதற்கும் அவள் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. சம்மாட்டி போய்ச் சேர்ந்தபோது ஊரே திரண்டு அடக்கம் செய்தது. உபதேசியாருக்கு மேலிடத்திலிருந்து பதக்கம் வந்தது. மாமாவுக்கு இன்றுவரை குருசு கிடையாது.

நான் போய்ப் பார்த்தது என் நாற்பது வயதுக்கு மேல். அப்பா செத்த செய்தியைச் சொல்லப் போவதாக வீட்டில் சொன்னேன். பையில் லேஞ்சியோடு அந்தக் கம்மல். விடுதியின் பின்பக்கக் களத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். அத்தை நடுவில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. காது மூளியாகத் தொங்கியது. நெடியில் எனக்கு இருமல் நிற்கவில்லை, அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் செத்ததைக் கேட்டு, எப்போது என்று மட்டும் கேட்டாள்.

நான் லேஞ்சியை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தேன். அவள் கம்மலைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"தெரியும்ளா" என்றாள். "அவரு போற வழியில என்னையப் பாத்துட்டுத்தான் போனாரு. ஒண்ண பிள்ள கையில குடுத்திருக்கேன்னாரு. நீயாத் தருவன்னு பாத்தேன். வாசல்ல முட்டிபோட்டுக்கிட்டு ரெண்டு ஞாயிறும் ஒன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அப்போதே கமிட்டியில் சொல்லியிருக்கலாமே அத்தை என்றேன். கேட்டதும் எனக்கே கூசியது.

"என் சொல்ல ஆரு கேட்டா? ஒஞ் சொல்லத்தான கேட்டாவ."

காம்பு கிள்ளுகிற கை நிற்கவில்லை. கிள்ளிய வற்றல் ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். நான் அழ ஆரம்பித்தேன். மிளகாய் நெடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அவள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. யாருக்கோ சொல்வதுபோல், குனிந்த தலை நிமிராமல் பேசினாள்.

"அந்த மூணு பேரு சொன்னத நான் அன்னைக்கே சேத்துப் பாத்துட்டேன். காலையில ரத்தம், மத்தியானம் தோணி, சாயங்காலம் கடல். பொருத்தமாத்தான் இருந்திச்சி. அதனாலதான் அத்தர் வாங்கினேன். நாலாவதா நீ சொன்னியே, அதத்தான் இன்னமும் எதோடயும் சேக்க முடியல."

பிறகு கம்மலை லேஞ்சியோடு என் பக்கம் தள்ளினாள். ஒத்தையா வச்சி நான் என்ன செய்ய என்றாள். நாலு மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் ஆறரைக்குத்தான் என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.